கணக்கு கேட்கும் உரிமை: கல்மந்தை காட்டிய வழி

யூபிலி என்றதும் நாம் கட்டியவற்றை எண்ணத் தொடங்குகிறோம். கோயில், கோபுரம், பள்ளி, கெபி என்று பட்டியல் நீளுகிறது. எண்ணுவதில் தவறில்லை. ஆயினும் ஒரு பணி நன்றாக நடந்ததா என்று சொல்ல வேண்டியவர் யார் என்ற கேள்வியையும் இவ்வேளையில் எழுப்புவது தகும். பணம் கொடுத்தவரா, கட்டிக் கொடுத்தவரா, அல்லது அதனால் பயன் பெற வேண்டிய ஏழையா? இக்கேள்விக்கு நமது திருச்சி மாநகரிலேயே ஒரு நல்ல விடை உண்டு.

கேள்வி மிகப் பழையது. எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய காணிக்கையைப் புனித சின்னப்பர் தம் பொறுப்பில் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்த சகோதரர் ஒருவரையும் உடன் சேர்த்துக்கொண்டார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் மடலின் 8ஆம் அதிகாரத்தில் இதற்குக் காரணமும் சொல்கிறார்: பிறர் கொடுத்த பொருளைக் கையாளுகிறவர் மீது பழிச்சொல் வர இடம் இருக்கக் கூடாது.

தமிழகத்திலும் அதற்கு முன்மாதிரி உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி அப்பொறுப்புக்கு வரலாகாது என்று விதிக்கின்றன. எனினும் அந்தச் சபையில் அமர நிலமும் வேதப் பயிற்சியும் வேண்டும். பெண்களுக்கும் கூலியாட்களுக்கும் அங்கே இடமில்லை. கணக்கு இருந்தது, அதைக் கேட்கும் உரிமையோ சிலருக்கே இருந்தது.

1866இல் நகராட்சியான திருச்சி, 1994இல் ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சியாயிற்று. நகரம் வளர வளரக் குடிசைப் பகுதிகளும் பெருகின. அங்கே பொதுக் கழிப்பறைகள் கட்டப்பட்டன. ஆனால் தண்ணீர் இல்லாமலும், பழுதுபார்ப்பார் இல்லாமலும் பல சீர்கெட்டன. ஏட்டில் அவை கட்டி முடிந்த பணிகள். இருட்டும் வரை காத்திருந்து ஒதுக்குப்புறம் தேடிய தாய்மாருக்கோ அவை இல்லாதவையே.

திருச்சியில் 1987இல் திரு. தாமோதரன் தொடங்கிய கிராமாலயா என்னும் தொண்டு நிறுவனம், மாநகராட்சியின் ஒத்துழைப்போடும் வாட்டர்எய்டு அமைப்பின் துணையோடும் இப்பகுதிகளில் வேறு வழியைக் கையாண்டது. கழிப்பறையைச் சீர்செய்ததோடு, அதன் நிர்வாகத்தை அப்பகுதி மகளிர் குழுக்களிடமே ஒப்படைக்க வழி செய்தது. ‘ஷி’ குழு என்று பெயர் பெற்ற இப்பெண்கள் முறை வைத்து வாசலில் அமர்ந்தார்கள். சிறு கட்டணம் பெற்று, வரவு செலவை நோட்டில் எழுதினார்கள். துப்புரவுச் சம்பளம், மின்கட்டணம், பழுதுபார்ப்பு எல்லாம் அந்த வரவிலிருந்தே நடந்தன. மீதி வங்கியில் சேர்ந்து பகுதியின் பிற தேவைகளுக்கு உதவிற்று. கல்மந்தை 2002இல் திறந்தவெளியில் மலங்கழித்தல் அற்ற குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. திரு. தாமோதரன் 2022இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இங்கே மாறியது எது? அளவுகோல் மாறிற்று. வெளியிலிருந்து வருகிற அதிகாரி எத்தனை அறை கட்டப்பட்டது என்று எண்ணுவார். அங்கே வாழும் பெண் எத்தனை கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, இரவில் விளக்கு எரிகிறதா, குழந்தை பயமின்றிப் போகிறதா என்று பார்ப்பாள். குறையால் துன்பப்படுகிறவருக்கே அது முதலில் தெரியும். அவர் கையிலேயே நோட்டும் இருந்தால் குறை அன்றைக்கே தீரும்.

இவ்வகை முறைகள் 1980களின் இறுதியில் இந்தியாவில் உருப்பெற்றன. குஜராத்தில் ஆகாகான் ஊரக உதவித் திட்டமும், கர்நாடகத்தில் மைராடாவும், இங்கிலாந்தின் ராபர்ட் சேம்பர்ஸ் என்னும் அறிஞரும் இதில் முன்னோடிகள். எழுத்தறியாதவரும் கோலமாவால் தரையில் தம் ஊரை வரைவார்கள். வீடு, கிணறு, பாதை எல்லாம் அதில் வரும். கூழாங்கல்லையும் புளியங்கொட்டையையும் அடுக்கி எது அவசரம், எது பின்னால் என்று முடிவு செய்வார்கள். ஓராண்டு கழித்து மறுபடி வரைந்தால், பணியின் பலன் எல்லார் கண்முன்னும் தெரியும்.

இதிலும் ஆபத்து உண்டு. வாய்ச்சாலகர் நடுவே வந்து அமர்ந்தால் கோடிவீட்டு விதவையின் குடிசை அந்தப் படத்தில் இடம் பெறாமலே போகும். தலைவியின் வீட்டுப் பெட்டியில் நோட்டு பூட்டப்பட்டால் பழைய கதையே திரும்பும். ஆகவே பொறுப்பு கை மாற வேண்டும். கணக்கைக் கூட்டத்தில் உரக்க வாசிக்க வேண்டும். பேசாதவரைத் தேடிப்போய்க் கேட்க வேண்டும்.

மக்கள் தம் முன்னேற்றத்தைத் தாமே உருவாக்க வேண்டும் என்பதைத் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1967இல் மக்களின் முன்னேற்றம் பற்றிய சுற்றுமடலில் வலியுறுத்தினார். வின்சென்ட் தே பவுல் சபையாரும் அன்பியங்களும் உள்ள பங்குகளுக்கு இது கடினமன்று. உதவி பெற்ற குடும்பத்தாரிடம் சென்று, “நாங்கள் செய்தது உங்களுக்கு உதவிற்றா? வேறு எப்படிச் செய்திருக்கலாம்?” என்று கேட்டு, அவர்கள் பதிலையும் ஆண்டறிக்கையில் எழுதலாமே! கேட்கும்போது நமக்குச் சற்றுக் கசக்கலாம். கசப்பு மருந்துக்கும் உண்டு.

பழைய ஏற்பாட்டின் யூபிலி ஆண்டு வெறும் விழா ஆண்டு அன்று. ஐம்பதாம் ஆண்டில், விற்றுப்போன நிலம் உரியவனிடம் திரும்பிற்று. அடிமையானவன் தன் குடும்பத்துக்குத் திரும்பினான். இழந்தவனுக்கு உரியதைத் திருப்பித் தருவதே அதன் உட்பொருள். கணக்கு கேட்கும் உரிமையும் ஏழைக்கு உரியதே. இந்த யூபிலியில் அதையும் அவனிடம் திருப்பித் தர இறைவன் நமக்கு அருள்வாராக!