கத்தோலிக்க வேட்பாளரும் அமெரிக்க வாக்காளரும்

அரசுப் பதவிக்குச் சமயத் தகுதி எதுவும் கேட்கக்கூடாது என்கிறது அமெரிக்க அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு. ஆனால் வாக்காளர்களின் ஐயத்தைச் சட்டத்தால் போக்க முடியவில்லை.

1928இல் நியூயார்க் ஆளுநர் ஆல் ஸ்மித் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரானார். பெரிய கட்சியொன்று கத்தோலிக்கரை நிறுத்தியது அதுவே முதல் முறை. அவர் வென்றால் போப்பாண்டவரின் சொல்லே வெள்ளை மாளிகையில் செல்லுபடியாகும் என்ற அச்சம் புராட்டஸ்டண்டுகளிடையே பரவியது. முந்தைய ஆண்டு திறக்கப்பட்ட ஹாலண்ட் சுரங்கச் சாலையின் படத்தைக் காட்டி, ரோமுக்குப் போகும் ரகசிய வழி என்றுகூடப் பிரசாரம் நடந்தது. மதுவிலக்கை அவர் எதிர்த்ததும் அன்றைய பொருளாதாரச் செழிப்பும் சேர்ந்துகொள்ள, எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் ஹூவர் 444 தேர்வாளர் வாக்குகள் பெற்றார். ஸ்மித்துக்குக் கிடைத்தவை 87.

1960இல் அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட கத்தோலிக்கரான ஜான் கென்னடியும் அதே ஐயத்தை எதிர்கொண்டார். கத்தோலிக்கர் மிகக் குறைவான மேற்கு வர்ஜீனியாவின் முன்தேர்தலில் மே மாதம் வென்றார். செப்டம்பர் 12 அன்று ஹூஸ்டனில் புராட்டஸ்டண்டு போதகர்கள் முன் நின்று, அரசும் திருச்சபையும் முற்றிலும் பிரிந்திருக்க வேண்டும் என்றார். மனசாட்சிக்கும் நாட்டு நலனுக்கும் மோதல் வந்தால் பதவி விலகுவதாகவும் உறுதி கூறினார். நவம்பரில் தேர்வாளர் வாக்குகளில் 303க்கு 219 என வென்றார். மக்கள் வாக்கில் வித்தியாசம் 1 சதவீதம்கூட இல்லை.

அடுத்த கத்தோலிக்க அதிபராக ஜோ பைடன் பதவியேற்றது 2021இல்தான்.