தீயில் விளைந்த மலர்க்கலங்கள்

ஜப்பானியரின் தேநீர்ச் சடங்கு நிகழும் சிற்றறையில், சுவர்மாடத்தே ஓரிரு மலர் தாங்கி நிற்கும் கலத்திற்குத் தனிமதிப்பு உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் அவ்விடத்தைச் சீனத்து வெண்கலக் குடங்களும் பச்சை மெருகிட்ட கலங்களுமே ஆண்டன. அவற்றினிடையே உழவர் வீட்டு மட்கலம் வந்தமர்ந்த வரலாறு கவிஞர்தம் கருத்துக்கும் உரியது.

பிசென், ஷிகாராக்கி என்னும் ஊர்ச் சூளைகள் நெடுங்காலம் விதைச்சாடிகளையும் தண்ணீர்ச் சால்களையுமே சுட்டுவந்தன. மெருகு பூசும் வழக்கம் அங்கில்லை. பல நாள் இரவுபகலாக விறகெரிய, வெப்பம் 1,200 பாகை செல்சியசை எட்டும். மண் கல்லாய் இறுகும். பறக்கும் சாம்பல் கலத்தின் தோளிற் படிந்து, மண்ணோடு உருகிக் கண்ணாடியாய் வழியும். தழல் தாக்கிய பக்கம் சிவக்கும்; தணலிற் புதைந்த பக்கம் கருகும். ஒன்றுபோல் மற்றொன்று அமைவதில்லை.

இக்கலங்களைத் தேநீர்க் கலையோடு சேர்த்துப் பேசிய முன்னோடி முராத்தா ஜுகோ (1423–1502). எனினும், தம் மாணாக்கருக்கு வரைந்த மடலில் அவர் பாராட்டினும் எச்சரிக்கையையே மிகுதியும் வைத்தார். 'குளிர்ந்தது, வாடியது' என்னும் சொற்களைத் தொடர்கவிதைப் புலவரிடமிருந்து தேநீர்க் கலைஞர் பெற்றிருந்தனர். பயிற்சியில்லாதார் பிசென், ஷிகாராக்கிக் கலங்களைக் கையில் ஏந்தி அந்நிலையை எய்திவிட்டதாக நடிப்பதை ஜுகோ கண்டித்தார். நல்ல கலங்களின் சுவையை முற்ற உணர்ந்து முதிர்ந்தவர்க்கே அவ்வாட்டம் அழகாகும் என்பது அவர் கொள்கை.

அடுத்த நூற்றாண்டில் சென் நோ ரிக்கியூ (1522–1591) எளிமையை இக்கலையின் உயிராக்கினார். ஷிகாராக்கியின் சிறுசாடிகள் மலர்க்கலங்களாயின. குந்தியிருக்கும் மனிதரை ஒத்தமையால் 'உசுகுமாரு' எனப் பெயர் பெற்றன. பின்னர் அயலிலுள்ள இகாவில் காது வைத்து, வேண்டுமென்றே உடல் நெளித்த மலர்க்கலங்கள் பிறந்தன. தற்செயலாய் விளைந்த அழகு திட்டமிட்டுச் செய்யும் அழகாக மாறிய காலம் அது. ஜுகோவின் எச்சரிக்கை அப்போதும் பொருந்தியது. இகாக் குயவர் கலத்தை நெளிக்கலாம், இறுதி முடிவோ நெருப்பினுடையது.

மலரிடுமுன் இக்கலங்களை நீரில் நனைப்பது மரபு. நனைந்த மண்ணில் சூளையின் செம்மை மீண்டும் விழிக்கும். எளிமை தொடக்கத்தில் கிட்டுவதன்று, முதிர்வில் கனிவது என்பதே இக்கலங்கள் சொல்லும் செய்தி. சொல்லைச் சுருக்க முனையும் புலவர்க்கும் அது பொருந்தும்.