சிமுலேட்டர் தேர்வில் அருகிருக்கை விமானி: பணி என்ன, பயணிகளின் பாதுகாப்புக்கு ஏன் முக்கியம்?

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் பயணிகள் விமான நிலையம் இல்லை. வாளையாறு, சித்தூர் பகுதி மக்கள் கோவை விமான நிலையத்தையும், குமுளி, மூணாறு பகுதி மக்கள் கொச்சி அல்லது மதுரை விமான நிலையத்தையும் நாடுகின்றனர். வளைகுடா நாடுகளில் பணிபுரியும் பாலக்காட்டினர் பலர் கோழிக்கோடு வழியாகவும் பயணம் செய்கின்றனர். இவர்களின் பாதுகாப்பு ஓடுபாதையில் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. பெங்களூரு, ஹைதராபாத், குருகிராம் போன்ற நகரங்களில் உள்ள சிமுலேட்டர் மையங்களிலும் அது தீர்மானிக்கப்படுகிறது.

இருக்கைத் துணை என்பது என்ன?

பெரிய பயணிகள் விமானங்களை இரு விமானிகள் சேர்ந்தே இயக்குகின்றனர். ஒருவர் விமானத்தைச் செலுத்துவார். மற்றவர் கருவிகளைக் கண்காணிப்பார். சரிபார்ப்புப் பட்டியலை வாசிப்பார். கட்டுப்பாட்டு அறையுடன் பேசுவார். வேகமோ உயரமோ வரம்பு மீறினால் உரக்க அறிவிப்பார். எனவே, தேர்வு ஒருவருக்கு மட்டுமே என்றாலும் சிமுலேட்டரின் இரு இருக்கைகளிலும் விமானிகள் இருக்க வேண்டும்.

வழக்கமாக ஒரு தலைமை விமானியும் ஒரு துணை விமானியும் இணையாகத் தேர்வுக்கு அழைக்கப்படுவர். இணை கிடைக்காதபோதும், ஒருவருக்கு மட்டும் கூடுதல் பயிற்சி தேவைப்படும்போதும், அதே வகை விமானத்தில் தகுதி பெற்ற மற்றொரு விமானி காலி இருக்கையில் அமர்வார். இதுவே விமானத் துறையில் 'சீட் சப்போர்ட்' எனப்படும் இருக்கைத் துணை ஆகும்.

ஆண்டுக்கு இரு முறை தேர்வு

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, வணிக விமானங்களின் விமானிகள் ஓராண்டில் இரு முறை திறன் சோதனைக்கு உட்பட வேண்டும். நான்கு மாதங்களுக்குள் நடைபெறும் ஒரே மாதிரியான இரு சோதனைகள் மட்டும் இத்தேவையை நிறைவு செய்யாது. ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது என்ஜின் செயலிழத்தல், தீ, கடும் காற்று போன்ற சூழல்கள் இச்சோதனைகளில் உருவாக்கப்படுகின்றன. பயணிகளுடன் பறக்கும்போது இவற்றைச் செய்து பார்க்க இயலாது.

சிமுலேட்டர் அமர்வு பொதுவாக நான்கு மணி நேரம் வரை நீடிக்கும். அதற்கு முன் விளக்கவுரையும், பின் ஆய்வுரையும் இடம்பெறும். இருக்கைத் துணையாக வரும் விமானிக்கு இது ஓய்வு நேரமன்று. பணி நேரமாகவே கணக்கிடப்படும்.

உதவலாம், விடை சொல்லக் கூடாது

இருக்கைத் துணையின் சிக்கலான பகுதி, உதவியின் அளவை அறிவதே. தேர்வுக்கு உட்படும் விமானி கேட்டவுடன் சக்கரத்தை இறக்குவதும், உரிய பட்டியலை எடுத்து வாசிப்பதும், தவறைக் கண்டால் சுட்டிக்காட்டுவதும் அவரது கடமை. ஆனால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே குறிப்பால் உணர்த்தினால், சோதனை தன் நோக்கத்தை இழந்துவிடும். மாறாக, அவர் தயாரிப்பின்றி வந்து தடுமாறினால், சக விமானியின் பணிச்சுமை கூடி மதிப்பீடு நியாயமற்றதாகிவிடும்.

சில நேரங்களில், விமானி திடீரென மயங்குவது போன்ற சூழலை உருவாக்க, அருகிருக்கை விமானியை அசைவின்றி இருக்குமாறு தேர்வாளர் பணிப்பதும் உண்டு.

தலைமை விமானி வலது இருக்கையில் துணையாக அமர்வதாயின், அதற்கெனத் தனிப் பயிற்சி தேவை. இடது இருக்கையில் வலக் கையால் இயக்கிப் பழகிய என்ஜின் விசைக் கட்டுப்பாட்டை அங்கு இடக் கையால் இயக்க வேண்டியிருக்கும்.

கோழிக்கோடும் மங்களூரும் கற்பித்தவை

கண்காணிக்கும் விமானியின் பங்கு எத்தகையது என்பதை இரு விபத்துகள் காட்டின. 2010 மே 22 அன்று மங்களூரு விமான நிலையத்தில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைக் கடந்து விழுந்ததில் 158 பேர் உயிரிழந்தனர். 8 பேர் உயிர் தப்பினர். தரையிறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலெழுமாறு துணை விமானி மூன்று முறை கூறியும் தலைமை விமானி தொடர்ந்து தரையிறங்கினார் என விசாரணையில் தெரியவந்தது.

பத்து ஆண்டுகளுக்குப் பின், 2020 ஆகஸ்ட் 7 அன்று, துபாயிலிருந்து 190 பேருடன் வந்த அதே நிறுவனத்தின் விமானம் கோழிக்கோட்டில் மழையினூடே தரையிறங்கியபோது ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. இரு விமானிகள் உட்பட 21 பேர் உயிரிழந்தனர். விமான விபத்துப் புலனாய்வு அமைப்பின் அறிக்கை 2021 செப்டம்பரில் வெளியானது. நிலைபெறாத அணுகுமுறையைத் தொடர்ந்து, ஓடுபாதையின் பாதி தூரத்தைக் கடந்து விமானம் தரைதொட்டதை அது சுட்டிக்காட்டியது. மேலெழுமாறு துணை விமானி கூறியது ஏற்கப்படாததையும், அதன் பின் அவர் கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுக்காததையும் விபத்துக்கான காரணங்களில் குறிப்பிட்டது.

மூத்தவரின் முடிவை இளையவர் உரிய நேரத்தில் மறுத்துச் செயல்படும் பழக்கம் பாடநூலால் மட்டும் வருவதன்று. சிமுலேட்டரின் அருகிருக்கையில் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பதாலேயே அது படிகிறது.

கண்காணிப்பு தேவை

பயிற்சியின் தரத்தை சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) கண்காணிக்கிறது. 2022 ஏப்ரலில், சிமுலேட்டர் பயிற்சி முறையாக இல்லை எனக் கூறி ஸ்பைஸ்ஜெட் நிறுவனத்தின் 90 விமானிகள் போயிங் 737 மேக்ஸ் விமானங்களை இயக்க அது தடை விதித்தது. கோழிக்கோடு, லே, காத்மாண்டு போன்ற சிறப்புப் பயிற்சி தேவைப்படும் விமான நிலையங்களுக்கு உரிய தகுதி பெறாத சிமுலேட்டர்களில் சுமார் 1,700 விமானிகளுக்குப் பயிற்சி அளித்ததாக, 2025 ஆகஸ்டில் இண்டிகோ நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது.

கருவி தகுதியுடையதாக இருப்பது போலவே, அதன் அருகிருக்கையில் அமர்பவரும் ஆயத்தமாக இருப்பது அவசியம். அப்போதுதான் அங்கு வழங்கப்படும் தேர்ச்சி, மழைக்கால இரவில் தரையிறங்கும் விமானத்தில் பயணிகளுக்குப் பயன்படும்.