சிரட்டைத் தைலமும் பத்ராவதி ஆலையும்: மரப்புகையின் சரித்திரம்

கடையம், தென்காசிப் பக்கம் தேங்காய் ஓட்டைச் 'சிரட்டை' என்றுதான் சொல்வார்கள். தேங்காயைத் துருவி முடித்ததும் சிரட்டை அடுப்புக்குப் போய்விடும். ஆனால் சித்த வைத்தியத்தில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. சிரட்டையிலிருந்து ஒரு கறுப்புத் தைலம் இறக்கி, படர்தாமரை போன்ற தோல் நோய்களுக்கு மேல்பூச்சாகத் தடவுவார்கள்.

காய்ந்த சிரட்டையைப் பிழிந்தால் ஒரு சொட்டு எண்ணெய் வராது. அப்புறம் எங்கிருந்து வருகிறது தைலம்?

இதற்குப் பெயர் குழித்தைலம். தரையில் குழி வெட்டி அடியில் ஒரு பாத்திரம் வைப்பார்கள். அதன் மேல், அடியில் துளையிட்ட பானை ஒன்று. பானை நிறையச் சிரட்டைத் துண்டுகளைப் போட்டு, வாயை மூடிச் சீலைமண் செய்து (மண் பூசிய துணியால் இறுக்கி), சுற்றிலும் வறட்டி அடுக்கித் தீ மூட்டுவார்கள். உள்ளே காற்று இல்லாததால் சிரட்டை எரியாது, கரியாகும். வெளியேற வழியில்லாத புகை குளிர்ந்து, துளை வழியே கீழே சொட்டும். அதுதான் தைலம்!

இதே வேலையை மரக்கட்டையை வைத்துப் பெரிய அளவில் செய்தால் கிடைப்பதுதான் மர வினிகர்.

புகைக்குள் என்ன இருக்கிறது?

காற்றில்லாமல் சூடாக்கிய மரத்தின் புகையைக் குளிரவைத்தால், அடியில் கெட்டியான கீல் படியும். அதன் மேல் செம்பழுப்பு நிறத்தில் புளிப்பு வாசனையோடு ஒரு நீர் நிற்கும். இந்த நீர்தான் மர வினிகர். இதில் பெரும்பகுதி வெறும் தண்ணீர். மீதியில் முக்கியமானது அசிட்டிக் அமிலம், அதாவது சாதாரண வினிகரில் இருக்கும் அதே அமிலம். கூடவே மெத்தனால், அசிட்டோன், பீனால் வகைப் பொருட்கள் என்று பலவும் உண்டு.

கிருமியைக் கொல்வதில் இரண்டு பேர் கூட்டாளிகள். அமிலம் கிருமியின் உடலுக்குள் நுழைந்து உட்புறத்தைப் புளிக்கவைக்கிறது. பீனால்கள் அதன் மேலுறையைச் சிதைத்துப் புரதங்களைக் கெடுக்கின்றன. புகையில் வாட்டிய மாசிக்கருவாடு மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதில், நன்றாகக் காய்ந்திருப்பதோடு இந்தப் பீனால்களுக்கும் பங்கு உண்டு.

ஐரோப்பா கண்ட கதை

17ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய வேதியியலாளர் கிளௌபர் மரத்திலிருந்து புளிப்பு நீர் எடுப்பதைப் பற்றி எழுதிவிட்டார். ஆனால் அதற்குள் இருந்த கிருமிக்கொல்லியைத் தனியாகப் பிரித்தவர் கார்ல் ரைகன்பாக். 1832இல் பீச் மரக் கீலிலிருந்து ஓர் எண்ணெயைப் பிரித்து 'கிரியோசோட்' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'இறைச்சியைக் காப்பது' என்று பொருள். இரண்டே வருடத்தில், 1834இல், ரூங்கே என்பவர் நிலக்கரிக் கீலிலிருந்து கார்பாலிக் அமிலத்தை (பீனால்) எடுத்தார். இரண்டும் ஒன்றுதான் என்றுகூடப் பலர் கொஞ்ச காலம் குழம்பினார்கள்.

1865இல் கிளாஸ்கோவில் வண்டிச் சக்கரம் ஏறிக் காலெலும்பு முறிந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனின் காயத்தில் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலம் நனைத்த துணியை வைத்துக் கட்டினார். காயம் சீழ் பிடிக்காமல் ஆறியது. அறுவைச் சிகிச்சையின் வரலாறே மாறியது. ஆனால் புகழ் போய்ச் சேர்ந்தது நிலக்கரிக்கு. மரம் பின்னுக்குப் போனது.

முழுதாக மறைந்துவிடவும் இல்லை. மரக் கிரியோசோட்டில் உள்ள 'குவாயகால்' என்ற பொருளைக் காசநோய்க்குக்கூடக் கொடுத்துப் பார்த்தார்கள். அதிலிருந்து வந்த குவாய்ஃபெனெசின் இன்றும் பல இருமல் சிரப்புகளின் லேபிளில் இருக்கிறது. ஜப்பானில் வயிற்றுப்போக்குக்கு விற்கும் 'செய்ரோகன்' மாத்திரை மரக் கிரியோசோட்டில் செய்ததுதான்.

பத்ராவதியின் கணக்கு

இந்தியாவில் இதைப் பெரிய தொழிலாகச் செய்து பார்த்த இடம் மைசூர் சமஸ்தானத்தின் பத்ராவதி. அங்கே இரும்புத் தாது இருந்தது, காடு இருந்தது, பக்கத்தில் நிலக்கரி இல்லை. அதனால் மரக்கரியில் இரும்பு உருக்குவது என்று முடிவானது. விஸ்வேஸ்வரய்யாவின் முயற்சியில் 1923 ஜனவரியில் ஆலை தொடங்கியது. ஆலையின் பெயரிலேயே மரம் காய்ச்சி வடித்தலும் சேர்ந்திருந்தது!

கணக்கு எளிமையானது. கரி சுடும்போது வரும் புகையை வீணாக்காமல் பிடித்தால் மெத்தனால், கால்சியம் அசிட்டேட், கீல் மூன்றும் கிடைக்கும். இந்தத் துணைப்பொருட்களை விற்று வரும் பணத்தைக் கழித்தால் கரியின் அடக்கவிலை குறையும். அதனால் இரும்பின் விலையும் குறையும்.

விதி வேறு மாதிரி இருந்தது. அதே 1923இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் மரமே இல்லாமல் வாயுக்களிலிருந்து மெத்தனால் தயாரிக்கத் தொடங்கியது. மர மெத்தனாலின் விலை உலகச் சந்தையில் சரிந்தது. அசிட்டோனின் கதை அதற்கும் முன்பே மாறிவிட்டது. முதல் உலகப் போரின்போது வைஸ்மான் என்பவர் மாவுப் பொருளைப் பாக்டீரியா மூலம் நொதிக்கவைத்து அசிட்டோன் எடுத்துக் காட்டினார். கிருமியைக் கொல்லும் புகையிலிருந்து வந்த பொருளை, கடைசியில் ஒரு கிருமியே தயாரித்தது!

மர வினிகர் தோற்றது கிருமியிடம் அல்ல, விலையிடம்.

இன்று?

ராமநாதபுரம், விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் சீமைக்கருவேலத்தைக் கரிமூட்டம் போட்டுச் சுடுகிறார்கள். பத்ராவதி பிடித்து வைக்க நினைத்த அதே புகை அங்கே காற்றில் போகிறது. வேலை செய்பவர்களின் கண்ணிலும் நெஞ்சிலும் போகிறது. ஜப்பானில் கரிச்சூளையின் புகைபோக்கியில் நீளமான குழாயைப் பொருத்தி, புகையைக் குளிரவைத்து வினிகர் சேகரிக்கிறார்கள். பல மாதம் அசையாமல் வைத்து, கீல் படிந்த பிறகு, தண்ணீரில் நிறையக் கலந்து தோட்டத்துக்குப் பயன்படுத்துகிறார்கள்.

இதைச் சொன்னதும் கடையத்துக்கு மேற்கே இருக்கும் மலையைப் பார்க்க வேண்டாம். அது 1988இல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அங்கே ஒரு மரமும் வெட்டக் கூடாது. காட்டைத் தொடாமலே சிரட்டையும் சீமைக்கருவேலமும் இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கையும் அவசியம். 'இயற்கையானது' என்பதால் இதைக் குடிக்கக் கூடாது. மெத்தனால் கண்பார்வையைப் பறிக்கும். கீலில் புற்றுநோயைத் தூண்டும் பொருட்களும் உண்டு. குழித்தைலத்தையும் தேர்ந்த சித்த மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது. கிருமியைக் கொல்லும் பொருளுக்கு மனிதனின் செல்லும் கிருமியின் செல்லும் அவ்வளவாக வித்தியாசம் தெரியாது.

பத்ராவதி காலத்தில் கேட்ட கேள்வி 'புகையை விற்றால் எவ்வளவு வரும்?' என்பது. கரிமூட்டத்தில் நிற்பவரின் மருத்துவச் செலவையும் அந்தக் கணக்கில் சேர்த்தால், ஒரு குழாயின் விலை அவ்வளவு பெரிதாகத் தெரியாது.