காட்மேனின் அட்டைகள்

டயர் கடையில் முப்பது வருடம் வேலை செய்த அப்பாவுக்குப் போன வருடம் வலது தோளில் வலி வந்தது. கை தலைக்கு மேலே போகவில்லை. ஸ்கேன் பார்த்த மருத்துவர், பைசெப்ஸ் தசைநாண் தோள்குழியோடு ஒட்டியிருக்கும் இடம் பிய்ந்திருக்கிறது, ஆப்பரேஷன் செய்யலாம் என்றார். "என்னாடா பண்றது?" என்று அப்பா என்னைக் கேட்டார். வீட்டில் இன்ஜினியர் நான்தான். ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் பம்ப்பும் வால்வும். அன்றிரவு தோள் அறுவை சிகிச்சையின் வரலாற்றைத் தேடிப் படிக்க உட்கார்ந்தேன்.

தோளுக்கு வைத்தியம் பார்ப்பது பழைய விஷயம். ஹிப்போகிரட்டீஸின் பெயரில் உள்ள கிரேக்க நூல்களிலேயே, மூட்டு அடிக்கடி நழுவுகிறவர்களுக்கு அக்குளில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு வைக்கும் முறை இருக்கிறது. தழும்பு இறுகி எலும்பைப் பிடித்துக்கொள்ளும் என்பது கணக்கு. நழுவிய மூட்டாவது கண்ணுக்குத் தெரியும். அறுந்த தசைநாண் தெரியாது. எக்ஸ்-ரே வந்த பிறகும் அதில் எலும்புதான் விழுந்தது, நாண் விழவில்லை. கையைத் தூக்க முடியாத கூலித்தொழிலாளியிடம் தன் வலிக்கு அத்தாட்சி என்று காட்ட ஒன்றும் இருந்திருக்காது.

எர்னஸ்ட் அமோரி காட்மேன் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்காரர். 1869இல் பிறந்தவர், ஹார்வர்டில் மருத்துவம் படித்தவர். 1909இல் ஒரு நோயாளியின் தோளைத் திறந்து, கையைத் தூக்க உதவும் சுப்ராஸ்பினாட்டஸ் தசையின் அறுந்த நாணைத் தைத்தார். 1911இல் அதைப் பற்றி எழுதினார். ரொட்டேட்டர் கஃப் அறுவை சிகிச்சையின் கதையை இன்றும் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தவை அவருடைய அட்டைகள். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை. என்ன நோய், என்ன செய்தோம், ஒரு வருடம் கழித்து ஆள் எப்படி இருக்கிறார், குணமாகவில்லை என்றால் ஏன். இதை 'இறுதி விளைவு' என்று அழைத்தார். பம்ப் ஒன்று உடைந்தால் நாங்கள் எழுதும் அறிக்கையும் கிட்டத்தட்ட இதுதான். எங்கள் வேலையில் அது சாதாரணம். அவர் காலத்து மருத்துவத்தில் அது அவமரியாதையாகப் பார்க்கப்பட்டது.

மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பதவி உயர்வு மூப்புப்படி நடந்தது. விளைவைப் பார்த்துக் கொடுங்கள் என்றார் காட்மேன். யாரும் கேட்கவில்லை. 1914இல் ராஜினாமா செய்தார். ஏற்கெனவே தொடங்கியிருந்த தன் சிறிய மருத்துவமனையில், 1911 முதல் 1916 வரை சிகிச்சை முடிந்து வெளியேறிய 337 நோயாளிகளின் கணக்கை அச்சிட்டு வெளியிட்டார். அதில் 123 பிழைகள். திறமைக் குறைவு, தவறான முடிவு, கவனக் குறைவு, நோயைத் தப்பாகக் கணித்தது என்று அவரே வகை பிரித்து எழுதினார்.

1915 ஜனவரியில் மருத்துவர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் பெரிய கேலிச்சித்திரம் ஒன்றைத் திறந்து காட்டினார். அதில் பாஸ்டனின் பணக்கார வட்டாரமான பேக் பே, மணலில் தலையைப் புதைத்த நெருப்புக்கோழி. எதையும் பார்க்காமல் அது பொன்முட்டைகளை மருத்துவர்கள் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறது. சிகிச்சையின் உண்மைப் பலன் வெளியே தெரிந்தால் முட்டை வருமா என்பதுதான் படத்தின் கேள்வி. சங்கத்தில் அவர் வகித்த தலைமைப் பொறுப்பு போனது. ஹார்வர்ட் ஆசிரியர் பதவியும் போனது.

1934இல் தோளைப் பற்றிய பெரிய புத்தகத்தை வெளியிட்டார். 1940இல் இறந்தார். அவருடைய கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் வந்தது 2014இல்தான்.

அப்பாவின் பிரச்சினைக்கு நெருக்கமான ஒரு நார்வே ஆய்வு 2017இல் வெளியானது. பைசெப்ஸ் நாண் பிடித்திருக்கும் இடம் பிய்ந்த 118 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அந்த இடத்தைத் தைத்தார்கள். இன்னொரு குழுவுக்கு நாணை அங்கிருந்து விடுவித்து மேற்கை எலும்பில் பொருத்தினார்கள். மூன்றாம் குழுவுக்கு உள்ளே கேமராவை விட்டுப் பார்த்ததோடு சரி, சிகிச்சை எதுவும் செய்யவில்லை. தனக்கு என்ன நடந்தது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தன. தோள் ஆப்பரேஷனே வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. விழுந்து முழுசாக அறுந்த நாணின் கதை வேறு. ஆனால் கேட்காமல் விட்டிருந்தால் இதுவும் தெரிந்திருக்காது. காட்மேன் வேலையை விட்டது அந்தக் கேள்விக்காகத்தான்.

அடுத்த முறை போனபோது மருத்துவரிடம் கேட்டேன்: "ஒரு வருஷம் கழிச்சு உங்க நோயாளிங்க எப்படி இருக்காங்க, டாக்டர்?" அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, தையல் பிரித்து இரண்டு மூன்று முறை வருவார்கள், பிறகு பெரும்பாலும் வருவதில்லை என்றார். முதலில் ஆறு மாதம் பிசியோதெரபி செய்து பார்க்கலாம் என்று மூவரும் முடிவு செய்தோம்.

வீட்டுச் சமையலறைச் சுவரில் இப்போது பென்சில் கோடுகள் இருக்கின்றன. அப்பாவின் கை எட்டும் உயரம், பக்கத்தில் தேதி. நான்கு மாதத்தில் ஒரு சாண் ஏறியிருக்கிறது. இரண்டு வாரம் ஏறவே இல்லை, அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.