பன்னிரண்டு மாதங்கள் சொல்லும் வரலாறு

பல ஆண்டுகளின் மாதாந்தக் கணக்கை எக்ஸெல் விரிதாளில் வரைய இரு வழிகள் உண்டு. எல்லா மாதங்களையும் ஒரே நீண்ட கோடாக இழுத்தால் வளர்ச்சியும் வீழ்ச்சியும் தெரியும். சனவரி முதல் டிசம்பர் வரை கிடையாக நிறுத்தி, ஒவ்வோர் ஆண்டையும் தனிக் கோடாக ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தால் பருவம் தெரியும். காலத்தைக் கோடாக வரையும் முறைக்கு முன்னோடி, 1786இல் தம் வர்த்தக வரைபட நூலை வெளியிட்ட ஸ்கொட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர்.

இரண்டாவது முறையை இலங்கை மலைநாட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். கோப்பிக் காலத்தில் பழம் பறிக்கும் வேலை ஆண்டின் இறுதி மாதங்களில் குவிந்தது. தமிழகத்துத் தொழிலாளர் மன்னார்க் கரையிறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் மாண்டோர் பலர். பிழைத்தோரில் பெரும்பாலோர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். கோட்டில் ஒரே ஒரு சிகரம். மற்ற மாதங்கள் பள்ளம்.

1869இல் இலைத்துரு நோய் கோப்பியைத் தாக்கியது. அதற்கு இரண்டாண்டு முன்பே, 1867இல், லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டிருந்தார். தேயிலை வந்ததும் கோட்டின் வடிவமே மாறியது. டயகம அடங்கிய திம்புள்ளைப் பகுதியில் சனவரி முதல் மார்ச் வரை வறண்ட குளிர். கொழுந்து குறைவு, தரம் உயர்வு. மழை தொடங்கியதும் கொழுந்து பெருகும். ஆயினும் எந்த மாதத்திலும் கோடு தரையைத் தொடுவதில்லை. கொழுந்து ஓய்ந்தால் கவ்வாத்து, புல்வெட்டு. பன்னிரண்டு மாதமும் ஆள் வேண்டும். எனவே குடும்பங்கள் லயங்களிலேயே தங்கின. அங்கேயே பிறந்தன, அங்கேயே புதைந்தன.

இப்படி நிலைத்தவர்களைத்தான் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வந்துபோகிறவர்களாகக் கருதியது. தந்தை இலங்கையில் பிறந்தார், அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்தார்கள் என்று காட்ட ஆவணம் கேட்டது. ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1964 ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. எஞ்சியோருக்கு வழிதிறந்த சட்டம் 2003இல்தான் வந்தது.

பழைய செக்ரோல் ஏடுகள் எங்கேனும் கிடைத்தால் கறையான் அரிக்குமுன் விரிதாளில் ஏற்றுங்கள். ஒரு விதியை மட்டும் மறவாதீர்கள்: கணக்குக் கிடைக்காத மாதத்தை வெறுமையாக விடுங்கள், பூச்சியம் இடாதீர்கள். பூச்சியம் என்றால் ஆளே இல்லை என்று பொருள். வெற்றுக்கட்டம் என்றால் ஏடு இல்லை என்று பொருள். 1948இல் அந்த வேறுபாடு மறக்கப்பட்டது.