பழைய ஜீப் வரட்டும். பாதிக் கதை வேண்டாம்

ஜூன் மாதம் வந்துவிட்டால் பிரான்ஸ் நாட்டின் நார்மண்டி கடற்கரையில் கூட்டம் தாங்காது. ஜீப், லாரி, கவச வண்டி என்று இரண்டாம் உலகப் போர்க்கால வாகனங்கள் வரிசை கட்டி வரும். 1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் அங்கே கரையிறங்கியதன் நினைவு அது. ஓட்டி வருகிறவர்களில் பெரும்பாலோர் ராணுவத்தார் அல்லர். சொந்தக் காசைப் போட்டு, உடைந்து கிடந்த வண்டிக்கு உயிர் கொடுத்த சாதாரண மனிதர்கள். 2024ல் 80ஆம் ஆண்டு நினைவு நாளுக்கும் அப்படித்தான் வந்தார்கள்.

மலேசியாவிலும் இந்த ஆர்வம் உண்டு. பழைய ஜீப், லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்கள் மெர்டேக்கா நேரத்தில் கொடி கட்டி வலம் வருகிறார்கள். பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால், அந்த வண்டி யாருடைய கதையைச் சுமந்து வருகிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

இதைக் கேட்பதற்குப் பொருத்தமான இடம் பினாங்கு ஜார்ஜ் டவுனில் இருக்கிறது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை. பழைய பெயர் பிட் ஸ்ட்ரீட். 1801ல் இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல், சீனர்களின் குவான் யின் ஆலயம், அருகிலேயே மகாமாரியம்மன் ஆலயம், கோடியில் 1818ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். எல்லா மக்களும் நடமாடும் சாலை.

1941 டிசம்பர் 11. ஜப்பானிய விமானங்கள் நகரத்தின் மேல் வந்தன. மக்கள் ஓடி ஒளியவில்லை. வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்தார்கள். குண்டு விழும் என்று அவர்களுக்குத் தெரியாது. குண்டும் விழுந்தது, இயந்திரத் துப்பாக்கியும் சுட்டது. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள்.

பாதுகாக்க வேண்டிய பிரிட்டிஷ் நிர்வாகம் என்ன செய்தது? டிசம்பர் 16 இரவோடு இரவாக ஐரோப்பியர்களைக் கப்பலேற்றி அனுப்பியது. தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரும் விடப்பட்டார்கள். அதன் பிறகு சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் அமைச்சர் டஃப் கூப்பர் வானொலியில் பேசினார். பினாங்கு மக்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டுவிட்டார்கள் என்று அர்த்தம் வரும்படி பேசினார். ஊரில் இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? மக்கள் என்ற கணக்கிலேயே தாங்கள் இல்லை என்று அன்று புரிந்தது.

அப்போது முன்னால் வந்தவர் ஒரு தமிழர். இலங்கையில் பிறந்த மாணிக்கசோதி சரவணமுத்து. 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியர். பல இனத்தாரும் சேர்ந்த பினாங்கு சேவைக் குழுவுக்குத் தலைமை ஏற்று ஊரைக் கட்டிக் காத்தார். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடி இறக்கப்பட்டது. இங்கே படை இல்லை, குண்டு போட வேண்டாம் என்று வானொலி மூலம் ஜப்பானியருக்குச் சொல்லப்பட்டது. டிசம்பர் 19ல் ஜப்பானியர் உள்ளே வந்தார்கள். அதுவரை ஊருக்குக் காவல் டாங்கியும் அல்ல, பீரங்கியும் அல்ல. பொறுப்பு உணர்ந்த சில மனிதர்கள்தான்.

பிறகு மூன்றரை ஆண்டு ஆக்கிரமிப்பு. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் சரக்கு ரயில் பெட்டிகளில் அடைக்கப்பட்டு, 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதை போட அனுப்பப்பட்டார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. போரில் தமிழர் ஏறிய வாகனம் அந்தச் சரக்குப் பெட்டிதான். அதற்கு வண்ணம் பூசி ஊர்வலம் விடுகிறவர் யார்?

1945 செப்டம்பர் 3ல் பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் பினாங்கில் இறங்கி அணிவகுத்தார்கள். ஊர்வலங்களுக்குப் பிடித்த காட்சி இந்தக் கடைசிக் காட்சிதான். வெற்றி, கொடி, கைதட்டல். அதை மட்டும் காட்டினால், விட்டுவிட்டுப் போன இரவு மறைந்துபோகும்.

பழைய வண்டியைச் சீர் செய்கிறவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. போர்க் காலத்தில் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட ஜீப்புகளில் ஒன்று கிடைத்தால், உடனே புதுப் பெயிண்ட் அடித்துவிட மாட்டார்கள். மேலே இருக்கும் பெயிண்டைப் படிப்படியாகச் சுரண்டுவார்கள். அடியில் பழைய படைப்பிரிவு எண் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். சேசிஸ் எண்ணைத் தேடுவார்கள். ஒரு போல்ட் அந்தக் காலத்துப் போல்ட் இல்லை என்றால் மனம் ஒப்பாது.

போல்ட்டுக்குக் காட்டும் அந்த அக்கறையை மனிதர்களுக்கும் காட்டலாமே! வண்டியின் முன்னால் ஒரு பலகை வைத்தால் போதும். டிசம்பர் 11ல் தெருவில் நின்றவர்கள், 16ல் விடப்பட்டவர்கள், சரவணமுத்துவின் குழு, சரக்குப் பெட்டியில் போனவர்கள். நான்கு வரி. படம் எடுக்க ஏறுகிற பிள்ளை இறங்கும்போது அதைப் படிக்கட்டும். வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டியிடம் கேட்கட்டும். பழைய ஜீப் ஓடியதற்கு அதுதான் பலன்.